முதுகுவலி... என்ன விலை?

தலைவலி என்று சொன்னால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 'ஒரு காபி குடிங்க சார், சரியாயிடும்' என்று போய்விடுவார்கள். முதுகுவலி என்று சொல்லிப் பாருங்கள்! ஆபீஸ் மொத்தமும் உங்கள் மேஜையைச் சுற்றிக் கூடிவிடும். 'கட்டாந்தரையில படுங்க' என்பார் கேஷியர். 'எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடு' என்பார் பக்கத்து ஸீட். 'என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது...' என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமலே உச்சுக் கொட்டுவார் அட்டெண்டர். பெல்ட் போடு, பெல்ட் போடாதே, உளுந்தங்களி சாப்பிடு, கேரளாவுக்குப் போ, பைக்கை வித்துடு...

இத்தனை யோசனைகளும் இலவசம். ஆனால் அத்தனையும் கேட்டு நடந்தால் ஆகிற செலவு இருக்கிறதே, அது இலவசம் இல்லை.

நான் டாக்டர் இல்லை. படித்தது பி.காம். ஆனால், ஒரு வைத்தியத்துக்குக் காசு கொடுத்தால் பதிலுக்கு என்ன வருகிறது என்று வரவு-செலவு பார்க்க பி.காம். போதும். உலகத்தில் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2050-ல் 84 கோடியைத் தாண்டுமாம். இவ்வளவு பெரிய மார்க்கெட்டில் சரக்கு விற்க ஆள் வராமல் இருப்பார்களா? எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று பார்த்துவிடுவோம். செலவே இல்லாததில் ஆரம்பித்து லட்சத்தில் முடிக்கலாம்.

முதலில் ஸ்டாக்கை எண்ணுவோம்

பிறக்கும்போது நம் முதுகில் 33 எலும்புத் துண்டுகள். வளர்ந்ததும் கீழே உள்ள ஒன்பது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டாகிவிடும். மிச்சம் 24. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. நாம் குனிவது, நிமிர்வது, மேனேஜர் கூப்பிட்டால் வளைவது எல்லாம் இந்த 24-ஐ வைத்துத்தான். நடுநடுவே மெத்தை மாதிரி 23 டிஸ்க்குகள்.

'டிஸ்க் நழுவிடுச்சு' என்கிறோம் அல்லவா? கேட்டால் ஏதோ கேரம் போர்டு காயின் மாதிரி நழுவி எங்கேயோ விழுந்துவிட்டது போலத் தோன்றும். டிஸ்க் அப்படியெல்லாம் நழுவாது. மேலும் கீழும் எலும்போடு கெட்டியாக ஒட்டியிருக்கிறது. அதன் உள்ளே ஜெல்லி மாதிரி ஒரு பகுதி உண்டு. அது சுற்றுச்சுவரைத் தள்ளிக்கொண்டு பிதுங்கும். சில சமயம் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வந்து பக்கத்தில் இருக்கிற நரம்பை உரசினால் பிட்டத்திலிருந்து பாதம் வரை மின்னல் மாதிரி ஒரு வலி இறங்கும். அதுதான் சயாட்டிகா. இப்படி டிஸ்க் பிதுங்குவதுதான் காலுக்குப் போகிற வலிக்குக் காரணம் என்று 1934-ல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு பாஸ்டன் சர்ஜன்கள் விளக்கி எழுதினார்கள். அன்றைக்குப் பிடித்த டிஸ்க் ஜுரம் இன்னும் விடவில்லை.

ஆனால் ஒரு விஷயம். இடுப்பு வலிக்கிறது என்று வருகிற பத்துப் பேரில் கிட்டத்தட்ட ஒன்பது பேருக்கு, 'இதோ, இந்த இடம்தான் காரணம்' என்று எந்த டாக்டராலும் தொட்டுக் காட்ட முடியாது. தசையோ, மூட்டோ, ஜவ்வோ... ஏதோ ஒன்று கோபித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் சில வாரங்களில் அதுவாகவே சமாதானமாகிவிடும். அதுவரை அதை மேலும் கோபப்படுத்தாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம்.

செலவு: பூஜ்யம்

வலி வந்தவுடனே எல்லாரும் சொல்வது 'அசையாம படு'. கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! ஆனால் அசையாமல் படுத்தால் தசை இளைக்கும், மூட்டு இறுகும், எழுந்திருக்கவே பயம் வரும்.

1986-ல் அமெரிக்காவில் 203 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு இரண்டு நாள் படுக்கை, இன்னொரு கோஷ்டிக்கு ஏழு நாள். குணமானதில் வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு நாள் கோஷ்டி, வேலைக்கு மட்டம் போட்ட நாட்கள் 45 சதவிகிதம் குறைவு! 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். சிலருக்குப் படுக்கை, சிலருக்கு உடற்பயிற்சி, மற்றவர்களுக்கு 'வலி விடுகிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்க, போங்க'. சீக்கிரம் தேறியது மூன்றாவது கோஷ்டிதான்.

ஆக, வலி உச்சத்தில் இருக்கும்போது ஓரிரு நாள் படுங்கள், தப்பில்லை. மூன்றாம் நாள் எழுந்து வாசல்வரை நடங்கள். நாலாம் நாள் தெருமுனை டீக்கடை. வலி முழுசாகப் போனபிறகு நடப்பேன் என்று காத்திருக்க வேண்டாம். நடக்க நடக்கத்தான் போகும்.

கட்டாந்தரை? அதுவும் புராணம்தான். ஸ்பெயினில் நெடுநாள் இடுப்புவலிக்காரர்கள் 313 பேரின் மெத்தையை மாற்றிப் பார்த்தார்கள். 2003-ல் முடிவு வெளியானது. கல் மாதிரி மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரமான கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. எனவே பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையில் உருளும் தியாகம் தேவையில்லை. உங்களுக்கு எதில் தூக்கம் வருகிறதோ அதில் படுங்கள்.

அடுத்தது உட்காருவது. 'நேரா உட்காரு' என்று ஸ்கூலில் ஆரம்பித்த அதட்டல் இன்றுவரை ஓயவில்லை. எட்டு மணி நேரம் விறைப்பாக உட்கார்ந்தாலும் வலிக்கத்தான் செய்யும். உலகத்திலேயே நல்ல போஸ் எது தெரியுமா? அடுத்த போஸ்! அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். போன் பேசும்போது நில்லுங்கள். தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைக்காமல் நாலு ஸீட் தள்ளி வையுங்கள். எழுந்து போகிற சாக்காவது கிடைக்கும்.

இன்னொன்று, பின்பாக்கெட் பர்ஸ். சிரிக்காதீர்கள். 1978-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 'கிரெடிட் கார்டு பர்ஸ் சயாட்டிகா' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தடித்த பர்ஸின் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அது பிட்டத்து நரம்பை அழுத்தும். ஆபீஸ் நாற்காலியிலும் பைக் ஸீட்டிலும் ஒரு பக்கம் மேடாக உட்காருகிறவர்கள் கவனிக்க. மாசக் கடைசியில் மட்டும் வலி குறைகிறது என்றால் காரணம் தெரிந்துவிட்டது!

செலவு: சில பத்து ரூபாய்

மெடிக்கல் ஷாப் அண்ணாச்சியிடம் 'முதுகு பிடிச்சிருக்கு' என்றால் போதும், கத்தரிக்கோலால் நாலு மாத்திரையை வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார். அதில் என்ன இருக்கிறது?

பாராசிட்டமால் என்றால், ஜுரத்துக்குச் சரி. இடுப்புவலிக்கு? ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். பாராசிட்டமால் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குணமாக ஏறத்தாழ ஒரே நாள் கணக்கு. 17-க்கு 16! டம்மிக்குத்தான் ஒரு நாள் குறைவு.

டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரொஃபென் வகைகள் கொஞ்சம் கேட்கும். சில நாட்களுக்கு, சாப்பிட்ட பிறகு, டாக்டர் சொன்ன அளவில். ஆனால் மாசக்கணக்கில் மிட்டாய் மாதிரி போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்கு ஆபத்து. நம் ஊரில் பாறுக் கழுகுகள் ஏன் கிட்டத்தட்டக் காணாமல் போயின தெரியுமா? மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தையே இந்தியா தடை செய்தது. கழுகு வேறு, மனிதன் வேறு. உங்களுக்கு இரண்டு மாத்திரையில் ஒன்றும் ஆகாது. ஆனால் 'வெறும் வலி மாத்திரைதானே' என்று அலட்சியமாகச் சொல்கிற சரக்கு அது இல்லை. பி.பி., அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

ஒத்தடம் நல்லது. வெந்நீர்ப் பையோ, பாட்டி வறுத்துக் கட்டித் தருகிற உப்பு மூட்டையோ, நொச்சி இலையோ, சூடு தசையைத் தளர்த்தும். கொப்புளம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். தைலம் தேய்க்கலாமா என்றால், தாராளமாக. மிளகாயின் காரச்சத்து சேர்ந்த பூச்சை, நெடுநாள் இடுப்புவலிக்குப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதற்காகச் சமையலறையில் நுழைந்து குண்டூர் மிளகாயை அரைத்துப் பூசிக்கொண்டு என்னைத் திட்டாதீர்கள்.

செலவு: சில நூறு, சில ஆயிரம்

பெல்ட். பாண்ட்டுக்கு மேல் கட்டிக்கொண்டு வந்தால் ஆபீஸில் அனுதாபம் கிடைக்கும். வேறு பெரிய பலன் இல்லை. நெடுநாள் வலிக்குப் பெல்ட் வேண்டாம், இடுப்பை இழுத்து வெயிட் தொங்கவிடும் டிராக்‌ஷன் வேண்டாம், அல்ட்ராசவுண்ட், கரண்ட் பட்டை வைத்தியங்களும் வழக்கமாக வேண்டாம் என்பது அதே 2023 வழிகாட்டியின் தீர்ப்பு. ஆனால் நம் ஊர் பிஸியோதெரபி சென்டர் பலவற்றில் முதலில் காட்டுவதே இந்த மிஷின்களைத்தான். பத்து சிட்டிங் பேக்கேஜுக்குக் காசு கட்டுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: 'எக்ஸர்சைஸ் சொல்லித் தருவீங்களா சார்?' மிஷினில் படுக்கவைத்துவிட்டு அவர் போன் பார்க்கப் போய்விட்டால், நீங்களும் வேறு இடம் பார்க்கலாம். வயிறு, முதுகு, பிட்டத் தசைகளுக்கு உங்களுக்கேற்ற பயிற்சி கற்றுக்கொடுத்து, 'வீட்டில் செய்தீங்களா?' என்று வாராவாரம் அதட்டுகிறவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அவர்தான் நல்ல பிஸியோதெரபிஸ்ட். காசு இல்லையா? அரசுப் பெரிய ஆஸ்பத்திரிகளில் பிஸியோதெரபி பிரிவு இருக்கிறது. க்யூவில் நிற்பதே ஒரு பயிற்சிதான்.

நம் வைத்தியம்? சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று தேய்த்துவிடும் முறை உண்டு. ஆயுர்வேதத்தில் கடிவஸ்தி. உளுந்து மாவில் இடுப்பின் மேல் வடை மாதிரி வட்டம் கட்டி, நடுவே வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றி வைப்பார்கள். (வடையின் ஓட்டைக்கு இப்படியும் ஓர் உபயோகம்!) தசை தளர்ந்து சுகமாக இருக்கும், நிம்மதியாகத் தூக்கம் வரும். மசாஜை உலக சுகாதார நிறுவனமும் ஒதுக்கிவிடவில்லை. போவதென்றால் படித்த வைத்தியரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. 'நழுவின டிஸ்க்கை ஒரே தட்டுல உள்ளே தள்ளிடுவேன்' என்கிறவரிடம் மட்டும் முதுகைக் காட்ட வேண்டாம்.

சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்துக் கழுத்தை 'மடக்' என்று திருகுவார்களே, அதுவும் கூடாது. கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போன கேஸ்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. வெட்டியது போதும் என்று எழுந்துவிடுங்கள்.

செலவு: பல ஆயிரம்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இங்கேதான் நம் ஆட்கள் நிறையப் பேர் நிஜமாகவே மாட்டிக்கொள்கிறார்கள்.

என்னோடு காலேஜில் படித்த ஒருவரின் தம்பி. வயது 29. ஒரு நாள் பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கக் குனிந்தவரை இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளே ஸ்கேன். ரிப்போர்ட்டில் 'எல்-4, எல்-5 டிஸ்க் பல்ஜ்'. அவ்வளவுதான், வீடே இடிந்துபோனது. அம்மா குடத்தைத் தொடவிடவில்லை. பைக்கை விற்றார்கள். எப்படியோ பெண் வீட்டார் காதுக்குப் போய், நிச்சயத்துக்கு நாள் பார்த்திருந்த சம்பந்தம் நின்றது. வலி ஒன்றரை மாசத்தில் போய்விட்டது. இரண்டு வருஷமாகியும் அவர் குனிவதில்லை. கீழே பேனா விழுந்தால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். முதுகு குணமாகிவிட்டது, மனிதர்தான் இன்னும் குணமாகவில்லை.

அவர் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. 1994-ல் முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மேல், சரியாகச் சொன்னால் 52 சதவிகிதம் பேருக்கு, டிஸ்க் பல்ஜ்! அவர்கள்பாட்டுக்கு ஜாலியாக இருந்தார்கள். 2015-ல் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களிலும் 30 சதவிகிதம் பேருக்கு பல்ஜ் இருப்பது தெரிந்தது. எண்பது வயதில் 84 சதவிகிதம். அதாவது பல்ஜ் என்பது பலருக்கு நரைமுடி மாதிரி. ஸ்கேனில் தெரிவதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது.

ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே பெட்டியில் உள்ள அறிகுறிகள் இருந்தால் உடனே வேண்டும். காலுக்கு இறங்கும் வலி ஆறு வாரமாகியும் குறையாமல், ஆபரேஷனோ ஊசியோ யோசிக்கிற கட்டம் வந்தால் வேண்டும். மற்றபடி, 'எதுக்கும் எடுத்து வெச்சுக்கலாம்' என்று எடுப்பதற்கு அது பாஸ்போர்ட் போட்டோ இல்லை.

செலவு: லட்சம்

ஆபரேஷன். பேரைக் கேட்டதும் ஒரு கூட்டம் 'காலே வராமப் போயிடும்' என்று பயமுறுத்தும். இன்னொரு கூட்டம் 'ஒரே நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்' என்று ஆசை காட்டும்.

நெதர்லாந்தில் ஒன்றரை மாசத்துக்கு மேலாகக் கடுமையான சயாட்டிகாவில் தவித்த 283 பேரைச் சோதித்து 2007-ல் எழுதினார்கள். பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மீதிப் பேர் பொறுத்துப் பார்ப்பது, முடியவில்லை என்றால் ஆபரேஷன். ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் 95 சதவிகிதம் பேர் தேறியிருந்தார்கள். வித்தியாசம் வேகத்தில்தான். ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால்வலி சீக்கிரம் விட்டது. பொறுத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் கடைசியில் கத்திக்குப் போனார்கள். மற்ற ஆறு பேர் கத்தி இல்லாமலே எழுந்தார்கள். பிதுங்கிய ஜெல்லியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் நடக்கிற விஷயம்தான்.

ஆக, நரம்பு அழுத்தத்தால் கால்வலி தாங்க முடியவில்லை, ஸ்கேனும் அதையே சொல்கிறது, வாரங்கள் போயும் குறையவில்லை என்றால் ஆபரேஷன் நல்ல வைத்தியம், பயப்பட வேண்டாம். வெறும் இடுப்புவலிக்கு, கால்வலியே இல்லாமல், ஸ்கேனில் பல்ஜ் இருக்கிறது என்பதற்காக மட்டும் 'போட்டுடலாம்' என்றால், இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பி.காம். புத்தியில் இன்னொன்று: பல மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில், விபத்து அல்லாத டிஸ்க் பிரச்னைக்கு ஆரம்பத்தில் காத்திருப்புக் காலம் போட்டிருப்பார்கள். அட்மிட் ஆகுமுன் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

பெட்டிச் செய்தி: காத்திருக்காதீர்கள்!

* சிறுநீர், மலம் அடக்க முடியவில்லை அல்லது வரவில்லை. தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போகிறது - அன்றைக்கே, அந்த மணியிலேயே பெரிய ஆஸ்பத்திரி. தாமதித்தால் நிரந்தரச் சேதம்.
* பாதத்தைத் தூக்க முடியவில்லை, செருப்பு நழுவுகிறது, கால் பலவீனமாகிக்கொண்டே வருகிறது.
* வலியோடு ஜுரம், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது. முதுகெலும்பிலும் டி.பி. வரும். மாத்திரையில் குணப்படுத்தலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால்.
* உயரத்திலிருந்து விழுந்த பிறகு, விபத்துக்குப் பிறகு வந்த வலி. முன்பு கேன்சர் வந்தவர்களுக்கு வருகிற வலி.
* இளைஞர்களுக்கு முக்கியமாக: மூன்று மாதத்துக்கு மேல் வலி, காலையில் எழுந்தால் அரை மணிக்கு மேல் இறுக்கம், பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது, ஓய்வெடுத்தால் அதிகமாகி நடமாடினால் குறைகிறது - இது ஆங்கிலோஸிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற வாத நோயாக இருக்கலாம். எலும்பு டாக்டரோடு நிற்காமல் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். நல்ல மருந்துகள் இருக்கின்றன.

ஆபீஸும் ஒரு காரணம்

போயிங் விமானக் கம்பெனியில் 3,020 ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 1991-ல் ஒரு முடிவு சொன்னார்கள். வேலையே பிடிக்கவில்லை என்றவர்கள், பிடித்தவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக முதுகுவலி என்று வந்து நின்றார்களாம். அவர்கள் நடிக்கவில்லை. கவலையும் தூக்கமின்மையும் பயமும் வலியின் வால்யூமைக் கூட்டிவிடும், அதுதான் விஷயம். இந்தக் கட்டுரையைக் கத்தரித்து மேனேஜர் மேஜையில் வைப்பது உங்கள் விருப்பம். பின்விளைவுக்குப் பத்திரிகை பொறுப்பல்ல!

சரி, நிகர லாபம் எதில்? முதுகுவலி ஒருமுறை வந்து போனவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபடி எட்டிப் பார்க்கும். அதைத் தள்ளிப்போட 2024-ல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் ஒரு மருந்தைச் சோதித்தார்கள். மருந்து எடுக்காதவர்களுக்கு 112 நாளில் வலி திரும்பியது. எடுத்தவர்களுக்கு 208 நாள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

மருந்தின் பெயர், நடை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. ஜி.எஸ்.டி. கிடையாது, எக்ஸ்பைரி டேட் கிடையாது, அண்ணாச்சியிடம் கடன் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு ஆபீஸ் போகும்போது ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடுங்கள். இறங்குமுன் பின்பாக்கெட் பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதுகுக்கும் நல்லது, பஸ் கூட்டத்தில் பர்ஸுக்கும் நல்லது.